திரும்பாத கழுத்து

என் மகளின் கண்கள் மேலே போகும், கீழே போகும். இடமும் வலமும் போகாது. பிறந்த நாளிலிருந்தே போகாது. இதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பதின்மூன்று வருடம் பிடித்தது. அதற்குள் அவளை எத்தனை தடவை அடித்தேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

இதில் பெரிய வேடிக்கை என் வேலை. எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுக்கு நான்தான் பொறுப்பு. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு முன்னால் தாய்மார்கள் கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து என்னிடம் விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்கு ஏறுவார்கள். காகிதத்தில் என் பதவிக்கு நீளமாக ஒரு பெயர் இருக்கிறது. நாங்கள் குடியிருக்கிற வரிசை வீட்டு லயத்தில் எல்லாருக்கும் நான் ஆயம்மா. மூன்று வயதாகியும் பேச்சு வராத பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்று கண்டுபிடித்தது நான். நடக்கும்போது விந்திய பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதும் நான். ஊரார் பிள்ளைகளைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்தவள், பெற்ற பிள்ளையின் கண்ணைப் பார்க்கவில்லை.

பார்த்தேன், ஆனால் தப்பாகப் பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆறு மாதத்தில் கிலுகிலுப்பையை ஆட்டினால் மற்றப் பிள்ளைகள் கண்ணை உருட்டித் தேடும். இவள் முழுத் தலையையும் திருப்பித் தேடுவாள். "எவ்வளவு கெட்டிக்காரி பாருங்க, எதைப் பார்த்தாலும் முழுசாத்தான் பார்ப்பா" என்று வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் போன பிறகுதான் அந்தக் கெட்டிக்காரத்தனம் எனக்குத் தொந்தரவாகத் தெரிந்தது. புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரு வரியை வாசிக்கும்போது அவள் தலை இடமிருந்து வலம் போகும். வரி முடிந்ததும் மறுபடி இடப்பக்கம் வரும். "ஏன்டி தலையாட்டிப் பொம்மை மாதிரி ஆட்டுற, கண்ணால வாசிடி" என்பேன். கேட்கமாட்டாள். ஒரு நாள் எனக்குப் பொறுமை போய், அவள் பின்னால் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டேன். வரியின் நடுவிலிருந்து இரண்டு சொல் வாசித்தாள். அப்புறம் நின்றுவிட்டாள். மீதியை வாசிக்கச் சொன்னேன். அழுதாள். சோம்பேறி என்று முதுகில் ஒன்று வைத்தேன். என் கை கொஞ்சம் நீளம்தான். கோபம் வந்தால் எனக்கு முன்னால் அது போய் நிற்கும்.

தலையாட்டுவதைக்கூட மன்னித்திருப்பேன். ஆட்களைப் பார்க்கிற விதம்தான் வினையாகிப்போனது.

ஒரு பெண்பிள்ளை ரோட்டில் நடக்கும்போது பக்கத்தில் ஆம்பளைகள் நின்றால் எப்படிப் பார்ப்பாள்? பார்க்காத மாதிரி பார்ப்பாள். கண்ணை ஒரு ஓரம் ஓட்டி, யார் என்று தெரிந்துகொண்டு, முகத்தை நேராக வைத்துப் போய்விடுவாள். நாங்கள் எல்லாரும் அப்படித்தான் பார்த்தோம். யாரும் சொல்லித்தந்ததாக ஞாபகம் இல்லை. என் மகளுக்கு அது வரவில்லை. பக்கத்தில் ஒரு குரல் கேட்டால் போதும், நின்று, கழுத்தை முழுக்கத் திருப்பி, பேசுகிறவரின் முகத்தை நேருக்கு நேர் பார்ப்பாள். எட்டு வயதில் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். பத்து வயதில் சிரிப்பு நின்றது. கோயில் திருவிழாவில் காவடி பார்க்க நின்ற கூட்டத்தில் பக்கத்து லயத்து அம்மா ஒருத்தி என் காதுபடவே சொன்னாள்.

"என்னா புள்ள இது, ஆம்பளைங்கள முழு மூஞ்சியும் திருப்பிப் பார்க்குது. கொஞ்சம்கூடக் கூச்சமில்ல."

வீட்டுக்கு வந்ததும் அடி. என் வீட்டுக்காரர் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை பார்க்கிறவர். வேலையிலிருந்து வந்தவர் தடுத்தார். "சின்னப் புள்ள, சும்மா பார்க்குது. அதுல என்னா இருக்கு? விடு" என்றார். "நீங்க பேசாதீங்க. நாளைக்கு ஊர் பேசுறப்ப பதில் சொல்லப்போறது நான்தான்" என்றேன். அவர் அதோடு விட்டுவிட்டார். இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டியதும் இல்லை. சொல்லிக் காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர் எனக்கு அத்தை மகன். அப்பாவின் கூடப்பிறந்த அக்காவின் மகன். சின்ன வயதிலிருந்தே இவருக்கு இவள் என்று பேசி வைத்த பேச்சு. எனக்கும் அவரைப் பிடிக்கும். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அந்நியத்தில் கொடுத்துப் பெண் என்ன பாடுபடுகிறாளோ என்று பயப்படத் தேவையில்லை, சொந்தத்துக்குள் போனால் வீடு மாறின மாதிரிகூட இருக்காது என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. எனக்கு அப்படித்தான் இருந்தது. அதே முறையில், அவருடைய அக்கா மகனுக்கு என் மகள் என்று மதினி எப்போதோ உரிமை சொல்லி வைத்திருந்தார்.

மகள் பெரியமனுஷி ஆனபோது அத்தை முறைக்கு மதினிதான் வந்து மஞ்சள் தண்ணீர் ஊற்றினார். பூ முடித்து, பொட்டு வைத்து, நெட்டி முறித்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"புள்ள கிளி மாதிரி இருக்கு. ஒரு குறையும் இல்ல. அந்தக் கழுத்த மட்டும் கொஞ்சம் அடக்கச் சொல்லு. நாளைக்கு என் வீட்டுக்கு வர்ற புள்ள."

அன்றிலிருந்து அதையே ஒரு தவமாக எடுத்துக்கொண்டேன். லயத்திலிருந்து மலை ஊற்று விழுகிற பீலியில் தண்ணீர் பிடிக்கிற இடம்வரை அவளை முன்னால் நடக்கவிட்டுப் பின்னால் நான் நடப்பேன். தரையைப் பார்த்து நட. யார் கூப்பிட்டாலும் திரும்பாதே. கூப்பிட்டவர்கள் உன் முன்னால் வரட்டும். சத்தம் கேட்டாலும் திரும்பாதே. திரும்பினால் குச்சியால் கெண்டைக்காலில் ஒரு தட்டு. வெகு சீக்கிரம் பழகிவிட்டாள். சொன்னால் கேட்கிற பிள்ளை அவள். இரண்டு வருடத்தில் பேச்சு மாறிவிட்டது. "ஆயம்மா மகளா? தலை நிமிராத புள்ள" என்றார்கள். நான் பூரித்துப்போனேன். என் வாழ்நாளில் ஏதோ சாதித்துவிட்ட மாதிரி அந்தப் பேச்சைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அந்தக் காலத்தில்தான் தலவாக்கலை டவுன் தையல்காரம்மா, பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைக்கு அளவெடுக்கும்போது, "புள்ளைக்கு ஒரு தோள் எறக்கமா இருக்கே" என்றார். புத்தகப் பையை ஒரே தோளில் போட்டால் அப்படித்தான் ஆகும் என்று நானே காரணமும் சொன்னேன். பையை மறு தோளுக்கு மாற்றச் சொன்னேன். நிமிர்ந்து உட்காரவில்லை என்று அதற்கும் திட்டினேன். அவளிடம் நான் திட்டாத உறுப்பு எது என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன்.

பதின்மூன்றாவது வயதில் ஒரு மத்தியானம், பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, எங்கள் தோட்டத்துப் பாதை பெரிய ரோட்டில் வளைந்து சேர்கிற முடக்கில் ஆட்டோ ஒன்று அவளை அடித்துப்போட்டது. காம்பராவில் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். ஆள் ஓடி வந்து சொன்னதும் கையைக்கூடக் கழுவாமல் ஓடினேன். கால் முறிந்து கிடந்தாள். ஆட்டோக்காரத் தம்பி தெரிந்த பையன்தான், தோட்டத்தின் கீழ்ப் பிரிவைச் சேர்ந்தவன். அவள் பக்கத்தில் குந்தியிருந்தவன் என்னைக் கண்டதும் எழுந்தான்.

"ஹார்ன் அடிச்சேன் அக்கா. ரெண்டு தரம் அடிச்சேன். பிரேக்கும் போட்டேன். புள்ள திரும்பியே பார்க்கல."

அவனையே ஓட்டச் சொல்லி, அவளை மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியில் கண்ணை மூடியிருந்தவள் மெதுவாகத் திறந்தாள். அடிபட்ட வலியில் உதடு வெளுத்திருந்தது. என் காதருகில் சொன்னாள்.

"அம்மா, நான் திரும்பிப் பார்க்கல."

என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னாள். அடி விழுமோ என்று பயந்து சொன்னாள். சொன்ன சொல் தப்பாமல் நடந்ததற்கு நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்துச் சொன்னாள். அப்போதும் எனக்கு முழுசாக விளங்கவில்லை.

காலுக்குக் கட்டுப் போடும்போதுதான் அவள் முதுகைப் பார்த்துவிட்டு டொக்டர்மார் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியபோது நான் வேறு யாருடைய படமோ என்று நினைத்தேன். முதுகெலும்பு நம்முடைய மலைப் பாதை மாதிரி ஒரு பக்கம் போய், திரும்பி, மறுபக்கம் வந்தது. விழுந்ததால் வந்ததா என்று கேட்டேன். இல்லை, பல வருடமாக வளைந்துகொண்டே வந்திருக்கிறது என்றார்கள். கண்டிக்கு அனுப்பினார்கள்.

கண்டியில் பார்த்தது ஒரு பெண் டொக்டர். சிங்களப் பிள்ளை. என் தங்கை வயதுதான் இருக்கும். தமிழ் கொஞ்சம் பேசுவார், மீதியை நர்ஸ் மிஸ் சொல்வார். முதுகைப் பார்த்தவர் நாற்காலியை இழுத்துப்போட்டு மகளின் முன்னால் உட்கார்ந்தார். ஒரு பேனையை எடுத்தார். "துவே, மேக்க பலன்ன" என்று சிங்களத்தில் சொல்லிப் பேனையை இடப்பக்கம் கொண்டுபோனார். மகள் நேரே பார்த்தபடி இருந்தாள். தலையை அசைக்கவில்லை. அந்நிய ஆட்கள் முன்னால் அசைக்க மாட்டாள். "பேனையப் பாருங்க தங்கச்சி" என்று நர்ஸ் தமிழில் சொன்னார். மகள் என்னைக் கேட்பது போல ஒரு நொடி நின்றுவிட்டு, பயந்து பயந்து தலையைத் திருப்பினாள். "தலை வேணாம், கண் மட்டும்" என்றார் டொக்டர். நர்ஸ் பின்னால் வந்து அவள் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் பிடித்த மாதிரியே பிடித்தார்.

பேனை இடப்பக்கம் போனது. கண் போகவில்லை. வலப்பக்கம் போனது. கண் போகவில்லை. மேலே போனது, கண்ணும் போனது. கீழே வந்தது, கண்ணும் வந்தது. மறுபடி பக்கத்துக்குப் போனபோது கண்மணி நட்டுவைத்த மாதிரி நின்றது. அவள் முயற்சி செய்கிறாள் என்பது நெற்றியில் தெரிந்தது. நெற்றி சுருங்கி, உதட்டைக் கடித்து, கழுத்து நரம்பு புடைத்து முயற்சி செய்கிறாள். கண் அசையவில்லை.

அந்த அறையில் எல்லாருக்கும் முன்னால் எனக்குத்தான் முதலில் விளங்கியது என்று நினைக்கிறேன்.

டொக்டர் கேட்ட அடுத்த கேள்வி, நீங்கள் இரண்டு பேரும் சொந்தமா என்பது. ஆமாம், அத்தை மகனைத்தான் கட்டியிருக்கிறேன் என்று சொன்னேன். மற்ற நேரமாக இருந்தால் அதைப் பெருமையாகச் சொல்வேன். அவர் அதை எழுதிக்கொண்டார்.

தலையை ஸ்கான் செய்தார்கள். ரத்தம் எடுத்து எங்கோ தூரத்துக்கு அனுப்பினார்கள். பல மாதம் கழித்து விடை வந்தது. டொக்டர் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டு எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் விளக்கினார். பிள்ளை வயிற்றில் உருவாகும்போது மூளையின் ஒரு பக்கத்தில் முளைக்கிற நரம்பு இழைகள் நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போக வேண்டுமாம். எங்கே தாண்டுவது, எப்போது தாண்டுவது என்று வழி காட்டுவதற்கு ஒரு மரபணு இருக்கிறதாம். அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று அதில் எல்லாருக்கும் இரண்டு பிரதி. ஒன்று பழுதானால் மற்றது வேலை பார்த்துவிடும், ஒரு தொந்தரவும் தெரியாது. என் மகளுக்கு இரண்டும் பழுது. அவளுடைய இழைகள் தாண்டவில்லை, புறப்பட்ட பக்கத்திலேயே தங்கிவிட்டன. அதனால் கண்ணைப் பக்கவாட்டில் இழுக்கிற ஏற்பாடு அவளுக்கு அமையவே இல்லை. முதுகு ஏன் வளைகிறது என்பது இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியாது என்றும் ஒளிக்காமல் சொன்னார். புத்தியில் ஒரு குறையும் இல்லை, இந்தப் பிள்ளைகள் தலையைத் திருப்பித் திருப்பி எல்லாவற்றையும் தாங்களாகவே சமாளித்துக்கொள்வார்கள், அதனால்தான் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை என்றார்.

பிறகு எங்களைப் பார்த்துக் கேட்டார். "இந்தப் பிள்ளை மட்டும் ஏன் தலையைத் திருப்புவதில்லை?"

நர்ஸ் அதைத் தமிழில் சொன்னார். சொல்லாமலே எனக்கு விளங்கியிருந்தது. என் வீட்டுக்காரர் தாளில் போட்ட கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனமில்லை. நானே சொன்னேன். "நான் அடிச்சு நிப்பாட்டினேன் மிஸ்." நர்ஸ் அதைச் சிங்களத்தில் சொல்வதற்குக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார்.

டொக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அன்று திரும்பி வரும் ரயிலில் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். உனக்கு இது தெரியுமா, மற்றவர்கள் கண்ணை மட்டும் திருப்புகிறார்கள் என்று தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எல்லாரும் பழகித்தான் வந்திருக்கும்னு நெனச்சேன்மா. நல்ல புள்ளையா இருந்தா எனக்கும் வந்துரும்னு நெனச்சேன்."

எங்கள் ஸ்டேஷன் வட்டகொடையில் இறங்கும்வரை சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டிருந்தேன். எடுத்திருந்தால் பெட்டியில் இருந்தவர்கள் என்ன ஏதென்று கேட்கிற மாதிரி ஆகியிருக்கும்.

விஷயம் மதினிக்குப் போனது. வந்து நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே பேசினார். இதெல்லாம் எங்கள் பக்கத்தில் இல்லை, உன் பக்கத்திலிருந்துதான் வந்திருக்கும் என்றார். எனக்கு அழுகையிலும் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க அப்பாவும் உங்க அம்மாவும் ஒரே வயித்துல பொறந்தவங்க மதினி. இதுல உங்க பக்கம் எது, என் பக்கம் எது?" என்றேன். டொக்டர் சொன்னபடி பார்த்தால், இரண்டு பிரதியிலும் ஒரே மாதிரிப் பழுது. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பொதுவான யாரோ ஒருத்தர், திருச்சிப் பக்கத்திலிருந்து கடல் தாண்டி இந்த மலைக்கு நடந்து ஏறி வந்த யாரோ ஒருத்தர், தனக்கே தெரியாமல் அதைக் கொண்டுவந்திருக்கிறார். நாங்கள் வெளியில் விடாமல் பத்திரமாக எங்களுக்குள்ளேயே கைமாற்றிக் கொடுத்திருக்கிறோம். மதினி மகனுக்கு வேறிடத்தில் பெண் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அது நல்லதுதான். யாருக்காகக் குச்சியை எடுத்தேனோ அந்தச் சம்பந்தம் ஐந்து நிமிடத்தில் முடிந்துபோனது.

முதுகுக்கு ஒப்பரேஷன் செய்தார்கள். விட்டால் வளைவு ஏறி மூச்சுப்பையை அமுக்கும் என்றார்கள். இரண்டு கம்பி வைத்து எலும்புகளைச் சேர்த்துப் பூட்டியிருக்கிறது. வளைவு முழுக்க நிமிரவில்லை. இனிமேல் ஏறாது, அவ்வளவுதான். நேரத்தோடு வந்திருந்தால் இன்னும் நிமிர்த்தியிருக்கலாமா என்று நான் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது. வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் மகளின் தோளில் கை வைத்து ஒன்று சொன்னார். இனி உன் முதுகு திரும்பாது. கண் எப்போதும் திரும்பாது. உனக்கு மிச்சம் இருப்பது கழுத்து. ரோட்டில் கால் வைக்கும் முன்னால் இரண்டு பக்கமும் கழுத்தைத் திருப்பிப் பார்க்கவேண்டும், யார் நின்றாலும் பார்க்கவேண்டும். மகள் தலையை மேலும் கீழும் ஆட்டினாள்.

வீட்டில் நானும் அவள் அப்பாவும் மட்டும் இருந்தால் திரும்புவாள். மூன்றாவது ஆள் ஒருத்தர் வாசலில் நிழலாடினால் போதும், கழுத்து பூட்டிக்கொள்ளும். என்னென்னவோ செய்து பார்த்தேன். பக்கத்தில் நின்று கைதட்டினேன். கெஞ்சினேன். லயத்து வாசலில் பத்துப் பேர் நிற்கும்போது வேண்டுமென்றே கூப்பிட்டேன். தரையைப் பார்த்தபடி நின்றாள், நான் முன்னால் வருவதற்காக. "திரும்புடி!" என்று கத்திக்கொண்டு கையை ஓங்கிவிட்டேன். அவள் கண்ணை இறுக்க மூடினாள். திரும்பாதே என்று ஓங்கிய அதே கை, திரும்பு என்று ஓங்கி நின்றது. கையை இறக்கிக்கொண்டு காம்பராவுக்குப் போய், தூங்குகிற பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன்.

சாதாரண தரப் பரீட்சையை நன்றாகப் பாஸ் பண்ணினாள். வீட்டில் தலையை ஆட்டி ஆட்டி வாசித்து, பரீட்சை மண்டபத்தில் தாளை நகர்த்தி நகர்த்தி வாசித்துத்தான் பாஸ் பண்ணினாள். எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அதற்கு மேல் உயர்தர வகுப்பு இல்லை. தலவாக்கலைக்குத்தான் போகவேண்டும். பஸ் இறக்கிவிடுகிற இடத்திலிருந்து ரோட்டைத் தாண்டி மறுபக்கம் போகவேண்டும். நுவரெலியாப் பக்கம் போகிறதும் ஹட்டன் பக்கம் போகிறதும் ஓயாமல் ஓடுகிற ரோடு. நான் வருகிறேன் என்றேன். "நான் தனியாப் போயிருவேன்மா. டொக்டர் சொன்ன மாதிரி ரெண்டு பக்கமும் பார்த்துப் போறேன்" என்றாள். பதினேழு வயதுப் பெண் படிக்கப் போகிறேன் என்கிறாள். போகாதே என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? சரி என்றேன்.

மூன்றாவது நாள் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. லீவு சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் போனேன். இறங்கினால், முந்தின பஸ்ஸில் வந்தவள் இன்னும் ரோட்டோரத்திலேயே நிற்கிறாள். மணியடிக்கிற நேரம் நெருங்கிவிட்டது. அவளுக்கு வலப்பக்கம் ஆட்டோ நிறுத்தும் இடம். ஐந்தாறு பேர் பேசிச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவளைப் பார்க்கக்கூட இல்லை, அவர்கள் பேச்சு அவர்களுக்கு. அவள் ஆள் இல்லாத இடப்பக்கம் மெதுவாகக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். வலப்பக்கம் திருப்பப் போனாள். பாதியில் நின்றது. மறுபடி நேரே வந்தது. ஒரு லொறி போனது, ஒரு வேன் போனது. ரோடு காலியாகத்தான் கிடந்தது. அவளுக்கு அது தெரியாது. கடைசியில் கரட் மூட்டையோடு ஒரு அம்மா ரோட்டைத் தாண்டினார். இவள் ஓடிப்போய் அந்த அம்மாவின் சேலையோரம் ஒட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி தாண்டினாள். அந்த அம்மா பார்க்காமல் கால் வைத்திருந்தால் இவளும் பார்க்காமல் கால் வைத்திருப்பாள்.

சாயந்தரம் பள்ளிக்கூடம் விடும்வரை டவுனிலேயே காத்திருந்தேன். என்னைக் கண்டதும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"காலையிலயே வந்துட்டீங்களாம்மா?"

"வந்தேன். ஏன்மா அந்தப் பக்கம் பார்க்கல? ஆளுங்க நின்னா நிக்கட்டுமே. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. சொன்னா நான் பார்த்துக்கிறேன்."

"தெரியும்மா. எல்லாம் தெரியும். திரும்பணும்னுதான் நானும் நெனைக்கிறேன்." புத்தகப் பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு வேறு யாரைப் பற்றியோ சொல்வது போலச் சொன்னாள். "எனக்குப் பயமில்லம்மா. கழுத்துதான் பயப்படுது."

நடுரோட்டில் அவள் காலில் விழுந்திருப்பேன், அவளுக்குத்தான் வெட்கமாக இருக்கும் என்று விழவில்லை. கண்ணுக்கும் முதுகுக்கும் என் ஒருத்தியைக் குற்றம் சொல்ல முடியாது என்று டொக்டர் ஆயிரம் தடவை சொல்லிவிட்டார். அது ரத்தத்தில் வந்தது. கழுத்து எந்த ரத்தத்திலும் வரவில்லை. அது நல்ல கழுத்து, எலும்பிலும் நரம்பிலும் ஒரு பழுதும் இல்லாத கழுத்து. கடவுள் அவளுக்கு மிச்சம் வைத்ததை நான் உடைத்தேன்.

இப்போது தினமும் காலையில் நான் கூடப் போகிறேன். கையைப் பிடித்து ரோட்டைத் தாண்டவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி, காம்பராவைப் பிந்தித் திறக்கிறேன். தாய்மார்கள் முணுமுணுக்கிறார்கள். இவ்வளவு பெரிய பெண்ணைக் கைக்குழந்தை மாதிரி கூட்டிப்போகிறாளே என்று லயத்தில் சிரிக்கிறார்களாம். "நாளையிலேர்ந்து நானே போயிக்கிறேன்மா" என்று மகள் ஒவ்வொரு நாளும் சொல்கிறாள். சொல்லும்போது என் கையை விடுவதில்லை.

நான் அவளை அடிப்பதை நிறுத்தி நாலு வருடம் ஆகிறது. அவள் கழுத்துக்கு அது இன்னும் தெரியவில்லை.